பின்ஜன்னலில் ஐந்து பொட்டலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் அமெரிக்கா. தெற்கே ஜார்ஜியாவின் உச்சி வெயிலில், உணவகத்தின் பின்ஜன்னலருகே எல்மோர் நிற்கிறான். கறுப்பர்களுக்குச் சாப்பாடு இந்த ஜன்னல் வழியாகத்தான். காரில் அவன் குழுவின் மற்ற நான்கு பாடகர்களும் பசியில் சுருண்டு கிடக்கிறார்கள். உள்ளே, காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து "தூம் தூம் வா" என்று எல்மோரின் கட்டைக்குரலே அதிர்கிறது. ராக் அண்ட் ரோல் பித்தேறிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் மேசை அதிர ஆடுகிறார்கள்.

"அம்மா, அஞ்சு பொட்டலம் சொல்லி ஒரு மணி நேரமாச்சுங்க."

பரிமாறும் பெண் ஆடிக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். அவன் வயதில் பாதிகூட இருக்காது.

"பாட்டு முடியட்டும், பொறுடா! இந்தக் குரல் கேட்டா எனக்குக் கால் தரையில நிக்காது. யாரு பாடுறான்னு தெரியுமா உனக்கு?"

எல்மோர் வாயைத் திறக்கிறான். உள்ளே யாரோ மறுபடியும் காசு போடுகிறார்கள்.

"தூம் தூம் வா."

ஜன்னல் சாத்திக்கொள்கிறது.