மான்கொம்புக் கத்தி

மடியில் கத்தியோடு வந்த ஐயாக்கண்ணுவைப் பரிதா வாசலிலேயே மறித்தாள்.

“எனக்கு ஒரு சத்தியம் பண்ணிட்டு உள்ளார போங்கண்ணா.”

“என்னான்னு சொல்லுங்க அம்மிணி.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “நேத்து நான் சொல்லியனுப்புன சேதிதானுங்க. சேலத்து டாக்டரு கையை விரிச்சுட்டாரு. நோம்பு தொடங்கற வரைக்கும் தாங்குனாலே பெருசாம். இவருகிட்ட அல்சருன்னு சொல்லி வெச்சிருக்கறோம். நெசந் தெரிஞ்சா பயத்துலயே போயிருவாருங்கண்ணா. உங்க வாயிலயும் வரக் கூடாது, மூஞ்சியிலயும் தெரியக் கூடாது.”

ஐயாக்கண்ணு தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

ஏற்காடு கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர் பரிதாவின் கணவர் ரஹமத்துல்லா. ஐயாக்கண்ணுவுக்குக் கொட்டச்சேட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம். இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது மடக்குக்கத்திப் பைத்தியம். இந்த 1983-ஆம் வருஷத்தோடு அதற்கு இருபது வயது.

சந்தை நாள் வந்தால் போதும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஜேசுதாஸும் வந்துவிடுவார். கடைக்குப் பின்னால் சாக்கை விரித்து, பிஸ்கட் டப்பாக்களைக் கவிழ்த்து, மூன்று பேரும் கத்திகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆணி வாங்க வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கத்தியை யாரும் சும்மா கொடுக்கக் கூடாது, சும்மா வாங்கவும் கூடாது. வாங்கினால் சிநேகம் அறுந்துபோகும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று தந்தாக வேண்டும். அதற்கு மாத்து என்று பெயர். எந்தக் கத்திக்கு எந்தக் கத்தி மாத்து என்று அரை நாள் வாய்ச்சண்டை போட்டுவிட்டு, ஒன்றாகவே டீ குடிக்கப் போவார்கள்.

ஐயாக்கண்ணுவிடம் மட்டும் எந்த மாத்துக்கும் வராத கத்தி ஒன்று இருந்தது. மான்கொம்புப் பிடி, இரண்டு அலகு. எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை அவருடைய அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ரஹமத்துல்லா அதற்கு ஏழு கத்திகள் வரை தருவதாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். “தலையே போனாலும் அது வராதுங்க பாய்” என்பதுதான் பதில். போன பெருநாளில் பிரியாணியைப் பரிமாறிவிட்டுக் கேட்டபோதும் மனுஷன் மசியவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு அதே பதிலைச் சொன்னார்.

உள்ளே ரஹமத்துல்லா கட்டிலில் கிடந்தார். ஆணி மூட்டையைத் தனியாளாகத் தூக்கிய உடம்பு, போர்வைக்குள் இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் ஐயாக்கண்ணு முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க பாய், எளச்சுட்டீங்களாட்ட இருக்குது? நல்லதுதானுங்க. இனியாச்சும் கடைக்குள்ளார நாங்க நடக்க எடங் கெடைக்கும்.”

ரஹமத்துல்லா சிரித்தார். “அல்சருங்க. வெறுங் கஞ்சியா ஊத்திக் கொல்றா. எந்திரிக்க நொம்ப நாளாகும்போல.”

“எங்கூர்ல ஒருத்தனுக்கு இதேதானுங்க. மூணே மாசம். இப்ப சில்வர் ஓக்கு மரத்துல ஏறி மொளகு பறிக்கறான்.”

அப்படி ஒருவன் கொட்டச்சேட்டில் கிடையாது. ஐயாக்கண்ணுவுக்குப் பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஜேசுதாஸ் புதுசா ஒண்ணு புடிச்சிருக்காராம். நீங்க வராம டப்பாவைத் தொறக்கறதில்லைன்னு சொல்லிப்போட்டோமுங்க.”

திரைக்குப் பின்னால் நின்றிருந்த பரிதா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஐயாக்கண்ணு மடியிலிருந்து கத்தியை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்த மான்கொம்புப் பிடி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் யோசித்து, விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே கொண்டுவந்திருந்தார். சிநேகிதனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

ரஹமத்துல்லாவால் நம்ப முடியவில்லை. பெரிய அலகைத் திறந்தார், மூடினார். ‘டக்’கென்று அது உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலைமாட்டிலிருந்த டப்பாவை நண்பரின் பக்கம் தள்ளினார்.

“ஏழுன்னு சொன்னேன். பத்தாவே எடுத்துக்குங்க. எதெது வேணும்?”

ஐயாக்கண்ணு டப்பாவைப் பார்த்தார். இருபது வருஷமாக அவர் கண் வைத்திருந்த கத்திகளெல்லாம் அதில் இருந்தன. இந்த நிலைமையில் கிடப்பவரிடம் கைநீட்டிப் பொறுக்கி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“மாத்தெல்லாம் வேண்டாமுங்க பாய். சும்மாவே வெச்சுக்குங்க.”

ரஹமத்துல்லா கத்தியைப் பார்த்தார். நண்பரின் முகத்தைப் பார்த்தார். பரிதாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலை இறக்கினார்.

“டாக்டரு எத்தன நாளுன்னு சொன்னாருங்க, ஐயாக்கண்ணு?”