ஹிஸ்புல்லா வாங்கின ரெண்டு ஆடு

"வாற வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நாயை எங்கயாவது அனுப்பிருங்க, தம்பி. நான் நிர்வாகத்துக்குப் பதில் சொல்லணும்."

பாறூக் ஹாஜியார் இப்படிச் சொன்னதும் ஹிஸ்புல்லா தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வச்சார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்றதாத் தலையாட்டினார். ஹாஜியார் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காம எழும்பிப் போயிட்டார்.

அவர் அடுத்த வீட்டு வளவுக்காரர். பள்ளிவாசல் நிர்வாக சபையில முக்கியமான ஆள். அவர் ஒண்டைச் சொன்னா அந்தத் தெருவுல மறுக்கிறதுக்கு ஆளில்ல.

ஆனா நியாயத்தையும் சொல்லணும். பிழை அவரில மட்டும் இல்ல.

மெக்ஸ் எண்ட அந்த நாய், கற்பிட்டியில ஹோட்டல் நடத்தின வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போகக்குள்ள விட்டுட்டுப் போனது. ஹிஸ்புல்லா உப்பு ஏத்துற லொறி ஓட்டுறவர். ஒரு நாள் அது தானாவே லொறியில ஏறித் தில்லையடி வீட்டுக்கு வந்து சேந்துட்டுது. வெளிநாட்டு மேய்ப்பு நாயும் நம்மட தெரு நாயும் கலந்த பிறப்பு. ரத்தத்துல ஊறினது சும்மா இருக்குமா? கண்ணுல பட்டதையெல்லாம் மேய்ச்சுது.

கோழியை மேய்ச்சுது. சைக்கிளை மேய்ச்சுது. பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸாவுல ஓதிட்டு வாற புள்ளைகளை ஒண்டு மிச்சமில்லாம வளைச்சு, சந்தி மதிலோட சேத்து நிப்பாட்டிட்டு, வந்த சந்தோசத்துல ஆளுக்கொரு நக்கு நக்கிச்சு.

கடிக்கல்ல, அது உண்மை. ஆனா மார்க்கப்படி நாய் எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும். தெருவுல இருக்கிற உம்மாமார் புள்ளைகள்ட சட்டை சாறனைக் கழுவிக் கழுவியே ஓய்ஞ்சு போயிட்டாங்க.

ஹிஸ்புல்லாட மகள் இல்மா மட்டும் ஓயல்ல. பன்னிரண்டு வயசுப் புள்ள. மெக்ஸோட விளையாட ஒரு சட்டை, தொழ ஒரு சட்டை. கிணத்தடியில அவளுக்கெண்டே ஒரு வாளி மண். வகுப்புல வாயே திறக்காதவள், மெக்ஸ் படுக்கிற கொட்டிலடியில குந்திக்கொண்டு அதோட எவ்வளவு நேரமும் கதைப்பாள்.

வாப்பா நாய்க்காக ஒரு வார்த்தை பேசல்லயே எண்டு அவளுக்குக் கோவம். அண்டைக்கே வாப்பாவோட கதைக்கிறதை விட்டுட்டாள்.

உம்மா அஸீஸா விடல்ல. "உங்களுக்கு ஊர் வாய்க்குத்தான் பயம். பெத்த புள்ள அழுறது கண்ணுல படாது," எண்டு பொரிஞ்சு தள்ளினாள். மனிசன் லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளிய போயிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் பள்ளியில மௌலவியோட வெகு நேரம் கதைச்சுக்கொண்டிருந்ததா அஸீஸாக்குக் கதை வந்துது. நாயைப் பொறுப்பெடுக்க ஆள் தேடுறாரெண்டு அவள் நினைச்சாள்.

புதன்கிழமை லொறி வந்து நிண்டுது. மெக்ஸை ஏத்தத்தான் வந்திருக்கு எண்டு இல்மா விழுந்தடிச்சு ஓடினாள். பாத்தா, லொறிக்குள்ள ரெண்டு ஆடு. முந்தல் பக்கம் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அஸீஸா ஆட்டையும் புருசனையும் மாறி மாறிப் பாத்தாள். ஆட்டு நாத்தமெண்டா ஹிஸ்புல்லாக்குக் குடலைப் பிரட்டும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற குர்பான் ஆட்டைக்கூட மச்சான்ட வளவுல கட்டச் சொல்ற மனிசன்.

"நாய்க்குப் பதிலா ஆடா, வாப்பா? எனக்கு வேணாம்," எண்டாள் இல்மா. அத்தனை நாளைக்குப் பிறகு அவள் வாப்பாவோட கதைச்சது அவ்வளவுதான்.

ஹிஸ்புல்லா மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டையும் மெக்ஸிட கொட்டில்ல கொண்டுபோய் விட்டுட்டு, குளிக்கப் போயிட்டார்.

அடுத்த நாள் அந்த நாயைப் பாக்கணுமே! காலையில ஆட்டைப் பின் வளவுக்குக் கொண்டு போச்சு. ஒண்டு வேலியடிக்குப் போனா முன்னால போய் மறிச்சுது. அஸருக்குப் பிறகு மத்ரஸாப் புள்ளைகள் போனதுகள். மெக்ஸ் தலையைத் தூக்கி ஒருக்காப் பாத்துட்டுத் தன்ட வேலையைப் பாத்துது. புள்ளைகளுக்குத்தான் ஏமாத்தம்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிஞ்ச கையோட பாறூக் ஹாஜியார் வந்துட்டார். இல்மா தொழுத சட்டையோடயே ஓடிப்போய் மெக்ஸிட கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டாள்.

"என்ன தம்பி, நாய் இன்னும் நிக்குது?"

"ஹாஜியார், ஆசைக்கு நாய் வளக்கிறதுதான் கூடாது. ஆடு மாடு காக்க வச்சிருக்க மார்க்கத்துல இடமிருக்கு. மௌலவிட்டயும் கேட்டுட்டன்," எண்டார் ஹிஸ்புல்லா. "நான் இப்ப ஆடு வளக்கிறவன்."

சொல்லி முடிக்கல்ல, ஒரு ஆடு வந்து அவர்ட காலை உரசிச்சு. மனிசன் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்காளிச்சார்.

அஸீஸா ஓடிப்போய்த் தண்ணி கொண்டு வந்து நீட்டினாள். இல்மாக்குக் கண் நிறைஞ்சுட்டுது. இவ்வளவு நாளும் வாப்பாவோட கதைக்காம இருந்திட்டமே எண்டு அவளுக்கு வெக்கமாப் போச்சு.

ஹாஜியார் ஆட்டைப் பாத்தார், ஓங்காளிக்கிற மனிசனைப் பாத்தார். நாயைக் கட்டிக்கொண்டு நிக்கிற புள்ளையையும் பாத்தார். முகத்துல சிரிப்பே இல்ல.

"எத்தினை ஆடு?"

"ரெண்டு."

"ரெண்டா?" ஹாஜியார் தலையை இல்லையெண்டு ஆட்டினார். இல்மா மெக்ஸை இன்னும் இறுக்கிப் பிடிச்சாள்.

"ரெண்டு ஆட்டுக்கு ஒரு காவல் நாயெண்டா நிர்வாகத்துல ஒருத்தனும் நம்பமாட்டான், தம்பி. என்ட வளவுல கட்டியிருக்கிற மூணு ஆட்டையும் இப்பவே அவிட்டு விடுறன், அதையும் சேத்து மேய்க்கச் சொல்லுங்க."