ஜோடி ஃபில்டர்

"கிடைச்சிடுச்சு!" கணவர் வாசலிலிருந்தே கத்தினார்.

இரண்டு லென்ஸ் வைத்த பழைய ஸ்டீரியோ கேமரா அவருடையது. சென்ற வருடம், லென்ஸ்கள் மேல் மாட்டும் மஞ்சள் கண்ணாடி ஃபில்டர்களில் ஒன்று உடைந்ததிலிருந்து, ஒத்த ஜோடி தேடிப் பழைய சாமான் கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கியிருந்தார்.

"ரெண்டும் ஒரே நிறமா பாரு."

மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணுதாங்க."

படம் எடுத்துக் கழுவி வந்ததும், பார்க்கும் பெட்டியை அவளிடமே முதலில் நீட்டினார். "ரெண்டு கண்ணாலயும் பாரு. அப்பத்தான் ஆழம் தெரியும். எப்படி?"

"பூந்தொட்டி அப்படியே முன்னால வந்து நிக்குதுங்க."

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இடதுக்கும் வலதுக்கும் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்ல! சரி, டீ கொண்டா. இன்னிக்காவது சிந்தாம ஊத்து."

சமையலறையில், கோப்பையின் விளிம்பை விரலால் தொட்டுப் பிடித்துக்கொண்டு அவள் டீயை ஊற்றினாள்.

சென்ற வருடம் உடைந்த அந்த ஃபில்டர், அவள் துடைக்கும்போதுதான் கை தவறி விழுந்தது. அன்று அவர் விட்ட அறையில் அவளுடைய இடது கண் பார்வை போய்விட்டது.

அதை மட்டும் அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.