பீற்றரின் பத்துத் துண்டு

பீற்றருக்கு மெஷின் சரிவராது என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

அப்படியொன்றும் பெரிய மெஷின் இல்லை. ஒரே ஒரு பொத்தான். அமர்த்தினால் நம்பர் போட்ட துண்டு ஒன்று வரும். சீனி வருத்தக் கிளினிக்குக்கு ஒரு நாளைக்கு அறுபது துண்டுதான். சின்னப் பிள்ளையும் அமர்த்தும்.

இருபத்திரண்டு வருசம் வாசலில் நின்று அட்டை நம்பர் கொடுத்த மனுசன் பீற்றர். மெஷின் வந்து மூன்று கிழமையாயிற்று. ஒவ்வொரு கிளினிக் நாளும் கேட் திறக்க முன்னமே பத்துத் துண்டைப் பிழையாக இழுத்துவிடுவார். விடியக் காத்தாலே வந்து முதலாவதாக நிற்பவருக்குப் பதினோராம் நம்பர். வரிசையின் கடைசியில் நிற்கிற பத்துப் பேர் வெறும் வயிற்றோடு வந்த வழியே திரும்ப வேண்டும்.

சனம் சும்மா இருக்குமா? நல்லா ஏசியது.

மெஷினைக் கேட்டு எழுதி எடுத்தவள் நிலானி. அலுவலகப் பொறுப்பு அவளுக்குத்தான். மூன்று தரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். நாலாம் தரம் கோபம் வந்துவிட்டது.

"காலம் மாறினா நாமளும் மாறத்தானே வேணும், பீற்றர் அண்ணன். உங்களுக்கு மனமில்ல, அதுதான் விசயம்."

"ஓம் மிஸ், கை பழகுதில்ல," என்றார் பீற்றர். அவ்வளவுதான். எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி.

அவரைச் சமையலறைக்கு மாற்றச் சொல்லி நிலானி கடிதம் எழுதினாள். பென்சனுக்கு ஒன்றரை வருசம் இருக்கிற ஆள், முதுகு வருத்தக்காரர். அங்கே போனால் சோற்றுக் கிடாரம் தூக்க வேண்டும். பாவம்தான். ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளே மெஷினடியில் நின்றாள். பீற்றரை ஓரமாக ஒரு கதிரையில் இருக்கச் சொன்னாள். முதல் ஆளுக்கு முதலாம் நம்பர். ஏழு மணிக்கு அறுபதாவது துண்டும் போய்விட்டது. ஒன்றும் வீணாகவில்லை. வந்த சனம் அவளை வாழ்த்தியது. வழமையாக மெஷின் ஓடத் தொடங்கியதும் மாடிக்குப் போய்விடுகிறவள், அன்று சந்தோசத்தில் கீழேயே நின்றுவிட்டாள்.

ஏழே முக்காலுக்கு ஒரு கூட்டம் வந்தது. படுவான்கரையிலிருந்து முதல் படகில் வாவியைக் கடந்து வந்தவர்கள். ஒருவரும் மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பீற்றரிடம் போய்க் கையை நீட்டினார்கள்.

நம்பர் முடிந்துவிட்டது, அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள் என்றாள் நிலானி.

முன்னால் நின்ற மண்டூர்ச் சீனித்தம்பிக்கு அது விளங்கவில்லை.

"எங்கட நம்பர் முடியாதே மிஸ். முதல் படகே ஏழு மணிக்குத்தான் வெளிக்கிடுது. அட்டை நம்பர் காலத்திலயும் எங்கட பத்தை இவர்தான் எடுத்து வைக்கிறவர்."

நிலானி பீற்றரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீனித்தம்பி நீட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை. "எங்க பீற்றர், தாங்களேன்."

"இண்டைக்கு ஒரு துண்டும் பிழையா வரல்ல, அண்ணன்," என்றார் பீற்றர்.