முதலில் பேர், அப்புறம் ‘ஹீ’

புருஷன் பேரைக் கேட்டதும் இருசம்மாளின் கை தாலிச் சரட்டுக்குப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேரு?” என்றார் தில்லைநாதன் மறுபடியும்.

“ஹீ இஸ் மை ஹஸ்பண்ட்,” என்றாள் அவளும் மறுபடியும்.

தில்லைநாதனுக்குப் புளித்த ஏப்பம் மாதிரி எரிச்சல் மேலேறி வந்தது. மஞ்சக்குப்பத்தில் அன்று தாதிப் பயிற்சிக்கு ஆளெடுப்பு. இங்கிலீஷ் பேசச் சொல்லி மார்க் போடுவதற்காகச் சிதம்பரத்திலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள். தள்ள வேண்டியவர்களுக்குச் சிவப்புப் பென்சில், எடுக்க வேண்டியவர்களுக்கு மைப்பேனா. காலையிலிருந்து பேனாவுக்கு அதிகம் வேலை வரவில்லை.

குடும்பத்தைப் பற்றிச் சின்னச் சின்னதாக நாலு வாக்கியம் சொல்லச் சொன்னால், ஒருத்தி அப்பாவை ‘ஷீ’ என்றாள். இன்னொருத்தி அப்பாவுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ‘தே’ என்றாள். கேட்டுக் கேட்டுக் காதே அழுகிப்போன மாதிரி இருந்தது அவருக்கு.

இவள் இருபத்து மூன்றாவது ஆள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் சொன்னாள். மாமனார் பேர் சுப்புராயன், ‘ஹீ’. மாமியார் பேர் முத்தம்மாள், ‘ஷீ’. ஒரு தடுமாற்றமும் இல்லை.

மகள் பேர் அஞ்சலை என்பதை மட்டும், “மை டாட்டர் வாஸ் அஞ்சலை. ஷீ வாஸ் ஃபோர்,” என்றாள். “வாஸ் இல்லம்மா, இஸ்,” என்று திருத்தினார். அவள் திருத்திக்கொள்ளவில்லை. ஒரு மார்க்கைக் குறைத்தார்.

புருஷனிடம் வந்ததும் சுத்தமாகக் கெட்டுவிட்டது. பேரே சொல்லாமல் நேராக ‘ஹீ’. அவனிடம் குதிரை வண்டி இருக்கிறது, அவளுக்குக் காய்ச்சல், அவன் ஸ்டேஷனுக்குப் போனான் என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் இங்கிலீஷில் அடுக்கினாள். ஏதோ நோட்ஸில் உருப்போட்டது என்று அவர் முடிவு கட்டினார்.

“யாரும்மா அந்த ஹீ? தெருவுல போறவனா?” என்றார். “முதல்ல பேரு, அப்புறம்தான் ஹீ. நாளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுல வெறுமனே ஹீன்னு எழுதி வச்சா, எந்தக் கட்டில்காரனுக்கு ஊசி போடுறது?”

அவளுடைய மனுவைப் புரட்டினார். கணவர் பேர் சிங்காரம் என்று அதில் வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியிலிருந்த மேட்ரன் மங்கலம் அவர் பக்கம் சாய்ந்தாள். “விடுங்க சார். ஜட்கா வண்டிக்காரர் பொண்டாட்டி. நம்ம பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவுங்களுக்கு ஆயுசு கொறையும்னு பயம். நானே மூணு புள்ள பெத்தும் ‘இங்க பாருங்க’தான்.”

தில்லைநாதன் அழுகின முட்டையை உடைத்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அவனவன் சந்திரனுக்கு ராக்கெட் விடறான். இங்க பேரைச் சொன்னா புருஷன் செத்துடுவான்! சீ, படிச்சவ சொல்ற பேச்சா இது?” இருசம்மாளிடம் திரும்பினார். “வார்டுக்கு சிங்காரம்னு ஒரு நோயாளி வந்தா என்ன செய்வே? கையைத் தட்டிக் கூப்பிடுவியா?”

“வேற யாரா இருந்தாலும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேங்க.”

“அப்ப இப்பவே சொல்லு. இல்லேன்னா அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பு.” சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார்.

அவள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். “சார், எப்படியாவது எடுத்துக்கங்க சார். பயிற்சி முடியிற வரைக்கும் ஹாஸ்டல்லியே இருக்கலாம்னு சொன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன். அந்த வூட்டுக்குத் திரும்பிப் போவ என்னால ஆவாதுங்க.”

“சீட்டு வேணும்னா பேரைச் சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மங்கலத்துக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தாள். “பயப்படாத தங்கச்சி. ஒரே ஒரு தடவ சொல்லிடு.”

இருசம்மாள் முந்தானையை எடுத்தாள். “பயமில்லீங்கம்மா, கொமட்டுது. போன ஐப்பசியில எம்பொண்ணு மூச்சு முட்டிக் கெடக்குறா. வாசல்ல வண்டி பூட்டி நிக்கிது. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டாந்து வுடுன்னு கால்ல வுழுந்தேன். ‘பொட்டப் புள்ளதானே, ரயிலு வர்ற நேரம், சவாரி போயிடும்’னு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். நான் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுனேன். வழியிலியே அடங்கிட்டா.”

தில்லைநாதன் பென்சிலைக் கீழே வைத்தார். மேஜைமேல் மைப்பேனாவைத் தேடினார்; கண்ணெதிரே இருந்தது அவர் கைக்கு அகப்படவில்லை.

மங்கலம் மெல்லக் கேட்டாள். “அப்ப, பேரைச் சொன்னா அவர் ஆயுசு கொறையும்னு இல்லியா?”

“கொறையாதும்மா. தெனம் நூத்தியெட்டு தடவ, ஒரு மண்டலம் சொல்லிப் பாத்துட்டேன்.”