உறைக்குள் இருக்கும் ஃபோட்டோ

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிக்கூடம். வாடகைக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே இஸ்ரவேல் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இறுக மூடுகிறான். குளிரிலேயே மூடிவிட்டால், வெளியே போனதும் உறைதான் வேர்க்கும், லென்ஸ் தப்பித்துக்கொள்ளும். அவன் மனைவி லிஜி குவைத்தில் நர்ஸ். இரண்டு நாள் லீவில் வந்தவள், இங்கிருந்து நேரே ஏர்போர்ட்டுக்குப் போகிறாள். அவள் முன்முடியில் இன்னும் நாலைந்து பனித்துகள்கள் கரையாமல் இருக்கின்றன. "ஏங்க, நம்ம ஃபோட்டோவ ஒருக்கா பாத்துட்டுப் போறேனே." "அரை மணிக்கூர் ஆவும் லிஜி. இப்பத் திறந்தா ஈரம் உள்ள போயிரும்." "டாக்ஸி வந்து நிக்குதே." "மெயில்ல அனுப்புதேன்." மாலின் வாசலுக்கு வருவதற்குள் உறையின்மேல் நீர் பூத்துவிடுகிறது. லிஜி அதில் ஒரு விரலை வைத்து எடுக்கிறாள், தடம் விழுகிறது. கண்ணாடிக் கதவு விலகியதும் ஆகஸ்ட் மாதப் புழுக்கம் முகத்தில் அறைகிறது. டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. உள்ளேயிருந்து அவள் கை காட்டியிருப்பாள். உறையை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கும் இஸ்ரவேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனுடைய மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாக வேர்த்திருக்கிறது.