போட்ட விலை

“இருபது ரூபா கூட ஏத்தித் தர மாட்டேம்மா. போட்ட வெல போட்ட வெலதான்!”

குறிஞ்சிப்பாடி பட்டம்மாள் போனில் போட்ட போடில் எழிலரசிக்குக் கண் கலங்கிவிட்டது.

தப்பு இவளுடையதுதான். காலையில் குக்கர் ஒரு பக்கம் கத்த, கையில் தேங்காய்மூடியை வைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாள்.

‘ஒயர் கூடை. ரெண்டு ரோல். ரூ.250.’

520 என்று போட வேண்டியது. அஞ்சும் ரெண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. அதைக் கவனிப்பதற்குள் பட்டம்மாள் பதினோரு கூடைக்கு ஆர்டர் கொடுத்து, இவள் ‘சரிங்கம்மா’ என்று பதில் அனுப்பி, ஆயிரம் ரூபாய் அட்வான்ஸும் ஜிபேயில் வந்து விழுந்துவிட்டது. அதன்பிறகுதான் இந்த போன்.

“இல்லம்மா, தெரியாம தப்பா போட்டுட்டேன். கூடை ஐந்நூத்தி இருபது...” என்று மறுபடி இழுத்தாள்.

“நீ போட்டத எம் பொண்ணு படம் புடிச்சு வச்சிருக்கா. இருநூத்தம்பதுன்னு தெளிவா இருக்கு. சரின்னு சொன்னப்புறம் வெலய ஏத்தாத. எம் பொண்ணு கல்யாணத்துக்குச் சீர் வைக்கிற கூடை. சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி தூக்கிட்டுப் போவணும். கனம் தாங்குற மாதிரி போடு.”

போன் கட்டாகிவிட்டது.

கடலூர் முதுநகரில் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் கணவன் அன்பரசு தோசையைப் பிய்த்தபடி கேட்டான். “எவ்ளோ நஷ்டம்?”

“ரெண்டு ரோல் ஒயரே முந்நூறுங்க. அதுக்கு மேல ஒரு கூடைக்கு ரெண்டு நாள் உக்காரணும்.”

“முடியாதுன்னு அட்வான்ஸத் திருப்பி அனுப்பு.”

“சரின்னு சொல்லிட்டேனேங்க. இப்பதான் நாலு பேரு தேடி வர்றாங்க. பேச்சு மாறுறவன்னு பேரு வந்தா அப்புறம் எவுங்க வருவாங்க?”

“அப்ப நல்ல ஒயர்ல ஏன் போடற? மட்ட ஒயர் ரோலு அம்பது ரூபாய்க்கே கெடைக்குது. பாக்க அதே பளபளப்பு. அந்தம்மா குடுக்குற காசுக்கு அது போதும்.”

எழிலரசிக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஒயர் கைப்பிடியில் கனம் ஏறினால் பட்டென்று விட்டுவிடும். இவள் கூடைக்கு இருந்த பேரே கைப்பிடியால் வந்ததுதான்.

ஆனால், ‘இருபது ரூபா கூட’ என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் லட்சக்கணக்கில் கொட்டுவார்கள். வீட்டில் உட்கார்ந்து கூடை பின்னுகிறவளிடம் மட்டும் கறாராகப் பேசுவார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மட்ட ஒயர்தான் வாங்கினாள். இருபத்திரண்டு நாள், அந்த ஆத்திரத்தோடேயே பின்னினாள்.

பட்டம்மாள் கடலூருக்குத் துணி எடுக்க வந்தவர், அப்படியே ஆட்டோ பிடித்து எழிலரசி வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஒரு கூடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அழகா இருக்கும்மா. கல்யாணத்துக்கு இன்னும் முழுசா ஒரு மாசம் கெடக்கு. கடைசி நேரத்துல அலைய வேணாம்னுதான் இப்பவே வந்துட்டேன்.”

அந்தம்மா கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிடக் கூடாது என்று அன்பரசு கூடைகளை அவசர அவசரமாக ஆட்டோவுக்குத் தூக்கினான்.

பட்டம்மாள் பர்ஸைத் திறந்து ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டினார்.

எழிலரசி எண்ணிப் பார்த்து விழித்தாள். “ஜாஸ்தியா இருக்கேம்மா. ஆயிரத்து எழுநூத்தம்பதுதான் பாக்கி.”

“அது எந்தக் கணக்கு?”

“கூடை இருநூத்தம்பது. பதினோரு கூடைக்கு...”

“கூடை இருநூத்தம்பதா?” பட்டம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க பக்கம் பின்னுறவங்க ரோலுக்குத்தாம்மா வெல சொல்லுவாங்க. ரெண்டு ரோலு, இருநூத்தம்பதுன்னு நீ போட்டிருந்த. அப்ப கூடை ஐந்நூறு. நீ ஐந்நூத்தி இருபதுன்னு ஏத்துன. அந்த இருபது ரூபாயத்தான தர மாட்டேன்னேன்?”

எழிலரசி கையிலிருந்த நோட்டுகளை மறுபடி எண்ணினாள்.

“இருநூத்தம்பதுக்கு ஒரு கூடைய வாங்கிட்டுப் போயி எம் பொண்ணுக்குச் சீர் வைப்பேனா? ஒயர் காசுக்கே காணாதே. நல்ல பொண்ணும்மா நீ. நஷ்டம்னு நெனச்சும் சொன்ன சொல்லுக்குப் பின்னிக் குடுத்துருக்க.”

பட்டம்மாள் மறுபடி பர்ஸைத் துழாவி, இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றும் இருபது ரூபாய் நோட்டு ஒன்றும் எடுத்து அவள் கையில் திணித்தார்.

“ஒங்கிட்டப் போயி இருபது ரூபாய்க்குச் சண்ட போட்டேன் பாரு. அதயும் வச்சுக்க.”

வாசலில் ஆட்டோ உறுமியது. கடைசிக் கூடையையும் உள்ளே வைத்துவிட்டு அன்பரசு கையைத் தட்டிக்கொண்டான்.

“அம்மா, கல்யாணத்துக்கு முழுசா ஒரு மாசம் இருக்குன்னீங்கல்ல?”

“ஆமா. ஏம்மா?”

எழிலரசி பணம் மொத்தத்தையும் பட்டம்மாள் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, ஏத்துன கூடையெல்லாம் எறக்குங்க.”